தக்காளி வண்டிக்காக ஒரு பழைய ஸ்பேசியோவை வாங்கலாமா?

எங்கள் வீட்டுப் பிழைப்பு ஒரு டாடா 207 டிஐ பிக்கப்பை நம்பி இருக்கிறது. 2009 மாடல். ராயக்கோட்டையில் சாயங்காலம் தக்காளி ஏற்றி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாக விடியற்காலை மூன்று மணிக்குள் பெங்களூர் கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். வண்டி ஓட்டுவது தம்பி. கணக்கு, வசூல், ரிப்பேர்க்காரர்களோடு பேரம் எல்லாம் என் பொறுப்பு. அப்பா இருந்தவரை அவர் பார்த்தார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் இப்படி வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் நாலைந்து உண்டு. அவர்களில் யாராவது "பார்ட்ஸுக்காக ஒரு பழைய வண்டி வருதாம், வாங்கிடலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் அரை மணி நேரம் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

2023 பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி சந்தாபுரம் தாண்டி வரும்போது வண்டியின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. தம்பி ஓரம் கட்டினான். நாற்பத்தைந்து கிரேட் தக்காளி மேலே இருக்கிறது. வேறு வண்டி பிடித்து லோடை மாற்றி அனுப்பிவிட்டு, காலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி வெளுத்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரில் கோளாறாகவும் இருக்கலாம்.

பக்கத்திலிருந்த ஒரு பட்டறையில் கேட்டோம். இன்ஜினைத் திறக்காமலேயே "ஃபுல் வேலை, 1,15,000 ஆகும், பதினைந்து நாள்" என்றார்கள். புது பிக்கப் வாங்கினால் கடன் தவணை மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் தம்பி ஒரு செய்தியோடு வந்தான். லிங்கராஜபுரத்தில் ஒரு டாடா ஸ்பேசியோ நிற்கிறது, 2003 மாடல், 75,000 சொல்கிறார்கள். "அக்கா, அதுலயும் நம்ம இன்ஜின்தான். இன்ஜின், கியர் பாக்ஸ், செல்ஃப், டைனமோ, ரேடியேட்டர், கிரவுன் எல்லாம் வந்துடும். மிச்சத்தைக் குஜரியில, அதான் பழைய இரும்புக் கடையில, போட்டா முப்பதாயிரம் திரும்பி வந்துடும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு 2017 ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் அப்பா இதே மாதிரி ஒரு பழைய சுமோவை 52,000 கொடுத்து வாங்கினார். டாடா வண்டி, டீசல், சுமோவும் 207-ம் ஒரே குடும்பம் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். சொன்னது பாதி உண்மை. பழைய சுமோவில் இருப்பது 1948 சிசி இன்ஜின். அதே இன்ஜின் பழைய டாடாமொபைல் பிக்கப்பிலும், சியாரா, எஸ்டேட் கார்களிலும் இருந்தது. டிஐ என்று எழுதின எங்கள் 207-ல் இருப்பது 2956 சிசி. அது 407 லாரியின் வழியில் வந்த இன்ஜின். சுமோவின் உடம்பில் அந்தப் பெரிய இன்ஜினை வைத்து விற்றதுதான் ஸ்பேசியோ. வெளியிலிருந்து பார்த்தால் சுமோவும் ஸ்பேசியோவும் அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே இதயம் வேறு. மேஸ்திரி வந்து பானெட்டைத் திறந்து, ஹெட்டில் வரிசையாக, எங்கள் 207 இன்ஜினில் இல்லாத ஹீட்டர் பிளக் இருப்பதைக் காட்டி, "இது அந்த இன்ஜின் இல்ல சார்" என்று அப்பாவிடம் சொன்னபோது அப்பாவின் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த சுமோ எட்டு மாதம் எங்கள் தெருவில் நின்றது. ஸ்ரீராம்புரம் சந்துகள் எவ்வளவு அகலம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வண்டி திரும்ப முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர்களோடு தினமும் வாக்குவாதம். கடைசியில் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். 19,000-க்குக் கொடுத்துத் தள்ளினோம்.

அதனால் இந்த முறை தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நம் வண்டிக்கு இப்போது என்ன தேவை? "இன்ஜின்" என்றான். இன்ஜினில் என்ன? அதற்கு அவனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பார்ட்ஸுக்காக வண்டி தேடுகிறவர்கள் எல்லாரும் தடுக்கிற கல் இதுதான் என்று நினைக்கிறேன். நம் வண்டிக்கு என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே மருந்துக் கடையை மொத்தமாக விலை பேசப் போகிறோம்.

எங்கள் பழைய மேஸ்திரி கலாசிப்பாளையம் பக்கம் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறார். ஆம்பூர்க்காரர், முப்பது வருஷமாக டாடா வண்டிகளோடு பழக்கம். அவரிடம் போனேன். "ரெண்டு வண்டியையும் பாத்துடலாம்மா. முதல்ல அந்த ஸ்பேசியோ, ஏன்னா அதை வேற யாராவது தூக்கிட்டா போச்சு. ஆனா அட்வான்ஸ் ஒரு பைசா குடுக்காதீங்க" என்றார்.

ஸ்பேசியோவின் சொந்தக்காரர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். வேலூர்ப் பக்கம், தமிழ்தான். கணவர் இறந்து நான்கு வருஷம். அவர் இருந்தவரை ஓடின வண்டி, அவர் போனதும் வீட்டு வாசலில் புங்க மரத்தடியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். வருஷா வருஷம் அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு போவார்களாம். பேசும்போதே அவருக்குக் குரல் கம்மியது. அப்படிப்பட்ட வண்டிக்கு விலை பேசுவது கஷ்டம். இருந்தாலும் எங்கள் பணமும் வியர்வையில் வந்ததுதான் என்பதால், "டீச்சர், நாங்க முழுசா செக் பண்ணிட்டுத்தான் பேசுவோம்" என்று முதலிலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

நின்ற வண்டியைச் சோதிக்கும் முறையை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடுகிற வண்டி என்றால் வேறு மாதிரி. போனதும் இன்ஜின் மேல் கையை வைக்க வேண்டும், நாம் வருவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருந்து குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். இந்த ஸ்பேசியோ நான்கு வருஷமாக நின்றது. இதை எடுத்தவுடன் செல்ஃப் அடித்தால், துருப்பிடித்து ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங்குகள் லைனரைக் கீறிவிடும் என்றார் மேஸ்திரி.

முதல் நாள் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, துணியை அடைத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் முனையில் ஒரு குழாயைச் செருகி, மெதுவாக அழுத்தினார். முதலில் அசையவில்லை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினார். திடீரென்று ஒரு சின்ன முனகலோடு இளகியது. "நீங்க பிடிச்சுப் பாருங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். முழுசாக இரண்டு சுற்று சுற்றினேன். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வால்வு ஸ்பிரிங்குகள் கையை எதிர்த்துத் தள்ளுவதும், பிறகு விடுவதும் குழாய் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அப்புறம் நாங்கள் கொண்டுபோன பேட்டரியை மாட்டினோம். நாசில் இல்லாமலே செல்ஃப் அடித்ததில் நான்கு ஓட்டையிலிருந்தும் கறுப்பு ஆயில் பீய்ச்சி அடித்தது. பழைய டீசல் டேங்கைத் தொடவே இல்லை. நான்கு வருஷ டீசலில் அடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் கொண்டுபோய், அதிலிருந்து நேராக பம்புக்கு டியூப் போட்டு, ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்தார். மரத்தடி முழுக்க வெள்ளைப் புகை. ஐந்து நிமிஷத்தில் புகை மெலிந்து, இன்ஜின் நின்று ஓடியது. டீச்சர் வாசல்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அந்த நிமிஷமே மனதுக்குள் பணம் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயம் இல்லை. டீசல் இன்ஜின் எவ்வளவு நோயோடும் ஸ்டார்ட் ஆகும். மேஸ்திரி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கசிந்து வரும் காற்று, பெரிதாக இல்லை, மூடியைத் தலைகீழாக வைத்தால் லேசாக ஆடியதே தவிர எகிறிக் குதிக்கவில்லை. நல்ல அறிகுறி. பிறகு இன்ஜின் சூடானதும் மறுபடி நாசிலைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை மாட்டினார். முதல் மூன்று சிலிண்டரும் 380-ஐ ஒட்டி நின்றன. நான்காவது 290.

அந்த நான்காவதில் மறுபடி கொஞ்சம் ஆயில் விட்டு கேஜை மாட்டினார். இது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், முள் ஏறும். ஏறவில்லை என்றால் குற்றம் ரிங்கில் இல்லை, மேலே இருக்கிறது. முள் ஏறவே இல்லை. "வால்வு சீட்டிங் துரு அடிச்சிருக்கலாம். நாலு வருஷம் வால்வு திறந்த நிலையிலயே நின்னிருக்கும்ல. இல்லன்னா ஹெட்ல வெடிப்பு. திறந்து பாக்காம சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் வண்டியிலும் மேஸ்திரிக்கு முக்கியமான சந்தேகம் ஹெட்டின் மேல்தான். எதற்காக இந்த வண்டியை வாங்கலாம் என்று வந்தோமோ அந்தச் சாமானே இதிலும் சந்தேகம். பணம் கொடுக்காமல் ஹெட்டைத் திறக்க விடுங்கள் என்று டீச்சரிடம் கேட்பதும் நியாயம் இல்லை. திறந்தபின் நாங்கள் வேண்டாம் என்றால் அவரிடம் பிரித்துப்போட்ட வண்டிதானே மிஞ்சும்?

தம்பி விடவில்லை. "சரி, கிரவுன் இருக்குல்ல? நம்ம வண்டியில ஊளை விடுதே" என்றான். இன்ஜின் பக்கமிருந்து வரும் நீள ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்கு மாற்றிக் கொடுக்கும் பல்சக்கரம்தான் கிரவுன். அதையும் பார்த்தோம். இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது, ஒரு சாக்பீஸ் போதும். வண்டியை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். எதிர்ப் பக்கச் சக்கரம் தரையில் அசையாமல் இருக்க வேண்டும். தூக்கின சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கிரவுன் ரேஷியோ. ஒரு சக்கரம் நிற்பதால் இரண்டு சுற்று என்பது கிரவுனுக்கு ஒரு சுற்றுதான். எங்கள் பிக்கப்பில் முந்தின நாளே எண்ணிக் குறித்து வைத்திருந்தோம். ஸ்பேசியோவில் தம்பியே படுத்து எண்ணினான். எண்ணிக்கை ஒத்துவரவில்லை, ஸ்பேசியோவில் குறைவு. ஆள் ஏற்றுகிற வண்டிக்கு அது போதும். லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிற வண்டிக்கு அந்த வித்தியாசம் ஒவ்வொரு நாளும் கிளட்சைத் தின்னும்.

டீசல் பம்ப் விஷயத்திலும் மேஸ்திரி ஒன்று சொன்னார். பெங்களூரில் 2005 ஏப்ரலில்தான் பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதி வந்தது. இந்த ஸ்பேசியோ அதற்கு முந்தையது, எங்கள் பிக்கப் அதற்குப் பிந்தையது. இன்ஜின் ஒரே குடும்பமாக இருந்தாலும் பம்பும் நாசிலும் அப்படியே மாறிக்கொள்ளும் என்று எண்ணக்கூடாது. பம்பில் இருக்கும் தகட்டு நம்பரை ஒப்பிட்டுப் பார்க்காமல் மாற்றினால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்றிதழ்) வாங்கும் நேரத்தில் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். நம்பரை போட்டோ எடுத்து ஒப்பிட்டோம். வேறுதான்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். தம்பி போட்ட கணக்கில் ஸ்பேசியோவில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் கடை விலை போட்டிருந்தான். கூட்டினால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் எல்லாமே லாபம். ஆனால் நமக்குத் தேவைப்படாத கதவுக்கும் சீட்டுக்கும் கடை விலை போடுவதில் அர்த்தம் இல்லை, அதை வாங்க ஆள் தேடி நாம்தான் அலைய வேண்டும். என் கணக்கை வேறு மாதிரி போட்டேன். நமக்கு நிச்சயமாகப் பொருந்தும், நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த சாமான்களுக்கு மட்டும் சிவாஜிநகர் குஜரி விலை. செல்ஃப் மோட்டார், டைனமோ, ரேடியேட்டர். மூன்றும் சேர்த்து 14,000. மற்றதெல்லாம் இரும்பு எடைக்கு. அன்றைக்கு எங்களிடம் சொன்ன விலை கிலோவுக்கு 28 ரூபாய். முழு வண்டிக்கே நாற்பதாயிரத்துச் சொச்சம்தான் வரும். கட்டி இழுத்து வர 4,500, இன்ஜின் இறக்கிப் பிரிக்கக் கூலி, நிறுத்த இடத்துக்கு வாடகை, எல்லாம் கழித்தால் 75,000-ஐ நெருங்கவே முடியவில்லை. 45,000-க்குக் கொடுத்தால்கூடக் கைக்கும் வாய்க்கும் சரி.

இதை வைத்து நான் எனக்கென்று ஒரு முடிவுக்கு வந்தேன். நமக்கு உயிராகத் தேவைப்படுகிற ஒரு சாமான், சோதித்து நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், அது ஒன்றே வண்டியின் விலையில் பெரும்பகுதியை அடைக்க வேண்டும். அப்படி இருந்தால் வாங்கலாம். பத்து சாமானைக் கூட்டித்தான் விலை சமமாகிறது என்றால் வேண்டாம். ஒரே மாடல் வண்டி மூன்று நான்கு வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு இன்று உதவாத சாமான் அடுத்த வருஷம் உதவும், நிறுத்த இடமும் இருக்கும். எங்களுக்கு ஒரே வண்டி, இடம் தெருதான்.

விலையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது பேப்பர். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஆர்சி காலம் 2018-லேயே முடிந்திருந்தது. பெயர் இறந்துபோன கணவருடையது. கடன் எப்போதோ கட்டி முடித்திருந்தும் வங்கியின் பெயர் அதில் அப்படியே இருந்தது. அதை நீக்க வங்கியிடம் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. இத்தனையும் டீச்சர் முடித்தபிறகுதான் எங்கள் பெயருக்கு மாற்ற 29, 30.

பெயர் மாற்றாமலே வாங்கிப் பிரித்துவிடலாமே என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். எங்கள் தெருவிலேயே செய்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி துண்டு துண்டாகப் போனாலும் பதிவில் அது உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட்டோ சேசிஸ் நம்பரோ யார் கையிலாவது போய்ச் சேர்ந்து ஏதாவது நடந்தால், போலீஸ் முதலில் டீச்சர் வீட்டு வாசலில் நிற்கும், அடுத்து எங்கள் வாசலில். வண்டி இனி ஓடாது என்றால் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவே சொல்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் வந்துவிட்டன. அங்கே ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள், பதிவும் முறையாக ரத்தாகும். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சாலை வரியில் சலுகையும் உண்டு, சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை.

இன்ஜினை முழுசாக மாற்ற நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர்தான் ஆர்சியில் இருக்கிறது. எட்டு வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து நம்பரைப் பார்க்கும்போது ஒத்துவராவிட்டால் வண்டி நின்றுவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் தகராறு. ஆர்டிஓவில் முறையாக அனுமதி வாங்கி நம்பரைப் பதிய வேண்டும். ஹெட், செல்ஃப், டைனமோ, ரேடியேட்டர் இவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் டீச்சரிடம் போய் வாங்கவில்லை என்று சொன்னேன். காரணங்களையும் சொன்னேன், நான்காவது சிலிண்டர் உட்பட. அடுத்து வருகிறவர்களிடம் அவர் அதைச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம், அது அவர் விருப்பம். ஆனால் எங்களுக்குத் தெரிந்ததை அவருக்குத் தெரியாமல் வைக்க மனம் வரவில்லை. யாருக்குக் கொடுத்தாலும் பேப்பர் மாற்றாமல் கொடுக்காதீர்கள் என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன். அந்த மாதம் கர்நாடகாவில் பழைய டிராஃபிக் அபராதங்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். வண்டி மேல் இருந்த இரண்டு பழைய அபராதங்களை அவர் போனிலேயே பாதி விலைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு எங்கள் வண்டியை மேஸ்திரி ஷெட்டில் திறந்தோம். லைனரைக் கேஜ் வைத்து அளந்ததில் தேய்மானம் மிகக் குறைவு. பிஸ்டன் நன்றாக இருந்தது. ஹெட்டை லேத்துக்கு எடுத்துப்போனோம். தண்ணீர் போகும் வழிகளையெல்லாம் தகடு வைத்து மூடி, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கு நடுவிலிருந்து, உலையில் அரிசி கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அப்படி ஒரு கோடாகக் குமிழி வந்தது. முடியளவு வெடிப்பு. 1,15,000 என்று சொல்லப்பட்ட நோய் அவ்வளவுதான்.

ஜேசி ரோட்டில் ரீகண்டிஷன் ஹெட் பார்த்தோம். முதலில் காட்டினதில் குமிழி வரவில்லை, ஆனால் ஏற்கெனவே பலமுறை முகம் எடுத்து, அதாவது அடிப்பரப்பைச் சீவி, உயரம் குறைந்திருந்தது. மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார். இரண்டாவது கடையில் கிடைத்ததை, அதே தொட்டியில் முக்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க விடாத கடையில் ஹெட் வாங்கவே கூடாது. ஹெட் 19,000, கேஸ்கெட் செட் 4,500, வாட்டர் பம்ப் 2,200, ரேடியேட்டர் சுத்தம் செய்ய 1,800, லேத் கூலி 2,500, ஆயிலும் கூலன்ட்டும் 3,400, மேஸ்திரி கூலி 9,000. ஆக 42,400. கிரவுன் ஊளை பினியன் பேரிங்தான், அதற்குத் தனியாக 3,200. ஒன்பது நாளில் வண்டி மறுபடி ராயக்கோட்டை போனது.

கூலன்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவுக்கும் காரணம் நாங்கள் வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றினதுதான் என்று மேஸ்திரி சொன்னார். அடைந்துபோன ரேடியேட்டர், அதனால் சூடு, அதனால் வெடிப்பு. அந்த ஸ்பேசியோவின் ரேடியேட்டர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மூடியைத் திறந்தபோது உள்ளே செம்மண் கலங்கல் மாதிரிதான் இருந்தது. நின்ற வண்டியின் இன்ஜின் வாங்கப் போகிறவர்கள் அந்த மூடியை முதலில் திறந்து பாருங்கள். உள்ளே செந்தண்ணீராக இருந்தால் வாட்டர் வழிகளெல்லாம் அரித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீச்சர் பேப்பர்களை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வங்கிக் கடிதத்துக்கு மூன்று முறை நானும் கூடப் போனேன். நடுவில் இரண்டு பேர் வந்து, பேப்பர் வேண்டாம், ரொக்கம் தருகிறோம் என்று கேட்டார்களாம். கொடுக்கவில்லை. 2024-ல் பதிவு பெற்ற நிலையத்திலிருந்து டிரெய்லர் வந்து ஸ்பேசியோவை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு என்னையும் தம்பியையும் வரச் சொல்லியிருந்தார். வண்டி ஏறுவதற்கு முன் பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சாக்குத் துணியில் சுற்றியிருந்த ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்து தம்பி கையில் கொடுத்தார். "அவர் வருஷத்துக்கு ஒருமுறை இதுக்குக் கிரீஸ் போடுவாரு" என்றார். பிரித்துப் பார்த்தோம். ஸ்குரூ இழையில் கிரீஸ் இன்னும் காயவில்லை. அது இப்போது எங்கள் பிக்கப்பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தம்பி வருஷா வருஷம் கிரீஸ் போடுகிறான்.